இரண்டாவது ரத்தம்

வேன்காரர்

சேகரன் அன்று தன் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பார்க்கிங்கில் ஒழுங்காக நிறுத்திப் பூட்டிவிட்டு, நடந்து வந்து, கவுண்டரில் தன் முறை வரும்வரை வரிசையில் நின்றார். நெஞ்சில் கோளாறு என்று சொன்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

"வலின்னு சொல்ல முடியாது மிஸ்ஸி. ஒரு மூட்டைய நெஞ்சு மேல வச்ச மாரி இருக்கு. பிள்ளைங்கள ஸ்கூல்ல எறக்கி விட்டுட்டு, வேன் காடிய கழுவிட்டு, டீ குடிக்க ஒக்காந்தேன். அப்பத்தான் புடிச்சிச்சு. ஒரு மாத்திரை குடுத்தீங்கன்னா போயிடுவேன்."

எஸ்டேட்டில் பிறந்தவர்கள் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்போது ஈப்போவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மூத்த தாதியாக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் தாதிகள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சிரிக்க வைக்கிற சம்பவங்களும் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் சேகரன்தான் வருகிறார். அவரை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை மூன்றாகப் பிரிப்போம். உயிர் போகிற நிலை என்றால் ரெட் ஸோன். காத்திருக்கலாம் என்றால் கிரீன் ஸோன். நடுவில் இருப்பது எல்லோ ஸோன். நெஞ்சு என்று வாயைத் திறந்தவர் சிரித்துக்கொண்டே வந்தாலும் அவரை கிரீன் ஸோனுக்கு அனுப்ப மாட்டோம். சேகரனை எல்லோ ஸோனில் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தேன். கோடு ஒழுங்காக இருந்தது. ஆஸ்பிரின் கொடுத்தோம். ரத்தம் எடுக்க ஊசி போட்டபோது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"மிஸ்ஸி எந்த எஸ்டேட்டு?"

"சுங்காய் பக்கம்ணே."

"நானும் அந்தப் பக்கந்தான்! இப்ப போய்ப் பாத்தீங்களா? லயத்து வீடுங்கள எல்லாம் இடிச்சிட்டான். பூரா செம்பனைத் தோட்டம். எந்த எடத்துல எங்க வீடு இருந்துச்சுன்னு எனக்கே தெரியல."

பிறகு வேன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஒரு பையன் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பானாம், அவனுக்கு எப்போதும் முன் சீட்டாம். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை தினமும் வேனில் தூங்கிவிடுமாம். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப் போய், எழுப்பி, பையை மாட்டிவிட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு வருவாராம். "எங்க வீட்ல ஒரே பையன். பொம்பளப் பிள்ளைங்க இல்லாத கொறைய இதுங்கதான் தீத்து வைக்குதுங்க" என்றார்.

புதியவர்களுக்காக இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இதயத் தசை சேதமானால் அதிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். நாங்கள் சுருக்கமாக 'ட்ரோப்' என்போம். வலி தொடங்கியவுடனே அது ரத்தத்தில் தெரியாது. கசிந்து கசிந்து சேர வேண்டும். அன்றைக்கு எங்கள் லேப்பில் இருந்த டெஸ்டுக்கு அது நிறையவே சேர்ந்தால்தான் கண்டுபிடிக்கத் தெரியும். அதனால் முதல் ரத்தம் நார்மல் என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டும். அதுவும் நார்மலாக இருந்தால்தான் ஹார்ட் அட்டாக் இல்லை என்ற பேச்சுக்கே வருவோம்.

சேகரனின் முதல் ரத்தம் நார்மல் என்று வந்தது. அதைச் சொன்னதும் அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார்.

"அங்கிள், பாலிக் தா போலே" என்றார் டாக்டர். வீட்டுக்குப் போகக் கூடாது என்று மலாயில் சொன்னார். மாலைவரை இருந்து இரண்டாவது ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்.

சேகரன் என்னைப் பார்த்தார். "மத்தியானம் ஸ்கூல் விட்டுடுமே மிஸ்ஸி. பிள்ளைங்க?"

"ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கண்ணே. அப்பா அம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"எல்லாரும் பேக்டரில வேல செய்றாங்க. எப்படி வருவாங்க? அந்தச் சின்னப் பிள்ள கேட்டுக்கு வெளிய வந்து நிக்கும். என் வேன் தெரியலன்னா ரோட்ட தாண்டி நடக்க ஆரம்பிச்சிடும். ஒரு தடவ அப்படித்தான் நடந்திருச்சு."

"வண்டி ஓட்டும்போது உங்களுக்கு மயக்கம் வந்தா வேனுல இருக்கற பிள்ளைங்க கதி என்ன?" என்று டாக்டர் கேட்டார். அதை நான் தமிழில் சொன்னதும் சேகரன் அடங்கிப்போனார். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"மச்சான், ஒன் லைசன்ஸ் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. ஒண்ணும் கேக்காத, வா."

வந்தவர் பெயர் மணி. சேகரனின் பக்கத்து வீட்டுக்காரர், முன்பு லாரி ஓட்டியவர். மணி ஓட்டுவார், சேகரன் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டுவார் என்று முடிவாயிற்று. "அவரே போகட்டுமே, நீங்க இருங்க" என்றேன். சேகரன் கேட்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு என்று மணிக்குத் தெரியாது, தெரியாத ஆள் கூப்பிட்டால் பிள்ளைகளும் ஏறாது, ஏறவும் கூடாது என்றார்.

டாக்டர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஏ.ஓ.ஆர்.தான், அதாவது தன் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. ரத்தம் நார்மல்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. இப்ப தெரியல, அவ்வளவுதான். பிள்ளைங்கள விட்டுட்டு நேரா இங்க வாங்க. எடையில வலி வந்தா எங்கயும் நிக்காதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

"வரேன் மிஸ்ஸி. அஞ்சு மணிக்கெல்லாம் இங்க இருப்பேன். சொன்னா சொன்னதுதான் லா."

மணி சாவியை வாங்கிக்கொள்ள, இருவரும் போனார்கள். கதவருகே சேகரன் திரும்பி எனக்குக் கையைக் காட்டினார். என் ஷிப்ட் மத்தியானத்தோடு முடிந்தது. அடுத்த ஷிப்ட் தாதியிடம், சேகரன் என்று ஒருவர் சாயங்காலம் வருவார், வந்ததும் இரண்டாவது ட்ரோப் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

போன்

மறுநாள் காலையில் யூனிபார்மோடு உள்ளே நுழைந்ததும் வேலை முடிந்து போகிற தாதி என்னை நிறுத்தினாள்.

"அக்கா, நேத்து நீங்க சொன்ன அங்கிள் வந்தாரு. ஆனா பி.ஐ.டி."

பி.ஐ.டி. என்றால் வரும்போதே உயிர் இல்லை என்று அர்த்தம். விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்தார்களாம்.

சவக்கிடங்குக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு உண்டு. உடலை வாங்கக் காத்திருக்கிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். அங்கே போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மணி எதற்கோ கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். அந்த அம்மாளின் கையில் ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது, மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சேகரண்ணன் வீட்டுக்காரங்களா?"

"ஆமா. நீங்கதான் ரத்தம் எடுத்த மிஸ்ஸியா? சுங்காய்க்காரங்கன்னு சொன்னாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெயர் அஞ்சலை.

"ரத்தம் கிளீனா இருக்குன்னு சொன்னீங்களாமே மிஸ்ஸி?"

நான் சேகரனிடம் என்ன சொன்னேனோ அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அஞ்சலை அக்கா கவனமாகக் கேட்டார்.

"அவ்வளவும் எங்கிட்ட சொல்லலயே. ரத்தம் கிளீன், சாயங்காலம் ஒரு தடவ போயிட்டு வரணும்னு மட்டுந்தான் சொன்னாரு."

போன் மறுபடியும் அடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது சேகரனின் போன். பொழுது விடிந்துவிட்டது, பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், வேனைக் காணோம். பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள்.

அஞ்சலை அக்கா போனை என்னிடம் நீட்டினார். "எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்க மிஸ்ஸி."

வாங்கிக்கொண்டேன். 'என்னண்ணே, இன்னும் காணோம்' என்று ஆரம்பித்த ஒரு குரலுக்கு முதலில் சொன்னேன். அடுத்த அழைப்பு ஓர் அப்பாவிடமிருந்து, கோபமாக: "லேட்டுன்னா ஒரு மெசேஜ் போடக் கூடாதா லா?" அவருக்கும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது. ஒவ்வொருவருக்கும் அதே நாலு வார்த்தைதான். ஒரு பெண் மட்டும் நம்பவில்லை.

"இல்லயே, நேத்து மத்தியானம் நல்லாத்தானே இருந்தாரு? எம் பொண்ண எழுப்பி எங்கையில குடுத்துட்டுப் போனாரே. நாளைக்கு வரும்போது பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்க, மழ நேரம்னு சொன்னாரே."

பின்னால் ஒரு குழந்தை, "வேன் அங்கிள் வந்துட்டாரா மா?" என்று கேட்டது. மணி திரும்பி வந்து போனை வாங்கிக்கொண்டார்.

வார்டுகளிலும் ஸோன்களிலும் எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் இல்லாமல் போனதை வீடு வீடாகப் போய்ச் சொல்கிற மாதிரி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

ஒரு மணி நேரம்

சில வருடங்கள் கழித்து எங்கள் லேப்புக்குப் புது ட்ரோப் டெஸ்ட் வந்தது. ஹை சென்சிடிவ் என்பார்கள். மிகக் கொஞ்சமாகக் கசிந்தாலும் இது கண்டுபிடித்துவிடும். வந்தவுடன் ஒரு ரத்தம், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். இரண்டும் குறைவாக இருந்து, இரண்டுக்கும் இடையில் ஏற்றம் இல்லை, இ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறது, நோயாளியும் நன்றாக இருக்கிறார் என்றால், ஹார்ட் அட்டாக் இல்லை என்று டாக்டர் தைரியமாக அனுப்பலாம். ஏறியிருந்தால் உடனே சிகிச்சையை ஆரம்பிக்கலாம்.

பயிற்சி அறையில் எல்லோருக்கும் சந்தோஷம். எல்லோ ஸோனில் எப்போதும் கட்டில் கிடைக்காது. இரண்டாவது ரத்தத்துக்காக நாள் பூராவும் படுத்துக் கிடப்பவர்கள்தான் பாதிப் பேர். இனி அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். பயம் இல்லாமல் போகலாம். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, காய் வாடுவதற்குள் நல்ல பதிலோடு திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அது நல்ல டெஸ்ட். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் அந்தப் பயிற்சி அறையில் 'ஒரு மணி நேரம்' என்று சொன்னபோது எனக்கு சேகரன்தான் நினைவுக்கு வந்தார். அவர் காலையில் வந்தார். பள்ளிக்கூடம் விடுவது மத்தியானம். ஒரு மணி நேரம் என்றால் அவர் மறுபேச்சு இல்லாமல் இருந்திருப்பார். 

அஞ்சலை அக்கா

நான் ஓய்வு பெற்ற வருடம் அது. ஒரு நாள் முற்பகலில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற பாய் ஒருவர் தன் கடையில் வேலை செய்கிற அம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மாள் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, வெங்காய வாசனை அப்படியே இருந்தது.

"ரெண்டு நாளா நெஞ்ச புடிச்சிக்கிட்டு நிக்குது மிஸ்ஸி" என்றார் பாய். "ஆங்கின்னு சொல்லிச் சொல்லி ஏமாத்துது. இன்னிக்கு நான் கடைய விட்டுட்டு இழுத்துட்டு வந்துட்டேன்."

ஆங்கின் என்றால் வாயு. எங்கள் ஆட்கள் நெஞ்சு வலிக்கு முதலில் சொல்கிற பெயர் அதுதான்.

இ.சி.ஜி. சரியாக இருந்தது. முதல் ரத்தம் குறைவு. ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது ரத்தமும் குறைவு, கொஞ்சம்கூட ஏறவில்லை. டாக்டர் விலா எலும்பு ஓரத்தில் கையால் அழுத்திப் பார்த்ததும் அம்மாள் வலியில் துள்ளினார். பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வந்த தசை வலி, ஹார்ட் அட்டாக் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

அம்மாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"நான் போ மாட்டேன்."

"ரெண்டு ரத்தமும் நல்லா இருக்கு அக்கா. ஒண்ணுமில்ல."

"அவருக்கும் இதத்தான் சொன்னீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். தலை நரைத்து, உடம்பு பாதியாகி இருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கதானே மிஸ்ஸி எங்க வீட்டுக்காரர் போன்ல பேசுனீங்க."

அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் காத்திருந்தார். அஞ்சலை அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காரிடாரில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். என் ஷிப்ட் முடியும் நேரம்தான். ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் எங்கிருந்தோ பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, இரண்டு வாங்கிவந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றார்.

கொஞ்சம் குடித்த பிறகு அவராகவே பேசினார். பையன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், ப்ளாட்டில் அவர் மட்டும் இருக்கிறார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த நாளுக்குப் போய்விட்டார்.

"மணியண்ணன் வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனாரு. இவரு படுத்துத் தூங்கினாரு. அஞ்சு மணிக்கு அவராவே எந்திரிச்சாரு மிஸ்ஸி. சட்டையெல்லாம் போட்டுட்டாரு. நான்தான் சொன்னேன். காலையிலேருந்து சாப்புடல, சோறு வெந்துகிட்டு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க, ரத்தந்தான் கிளீன்னு சொல்லிட்டாங்களே, என்ன அவசரம்னு சொன்னேன்."

தே ஓவை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார்.

"சரின்னு ஒக்காந்தாரு. என் பேச்ச தட்ட மாட்டாரு. கொஞ்ச நேரத்துல ஆங்கின் மாரி இருக்குன்னாரு. தைலம் தேச்சி விட்டேன். நல்லா இருக்கு, இன்னும் தேய்யின்னாரு. தேச்சிக்கிட்டே இருந்தேன் மிஸ்ஸி. எப்ப போனாருன்னு எனக்குத் தெரியாது. போன பொறவும் தேச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."

காரிடாரில் சக்கர நாற்காலிகள் போய் வந்துகொண்டிருந்தன. அவர் அழவில்லை. இதைத் தன் பையனிடம்கூடச் சொன்னதில்லை என்றார். சொன்னால், 'ஏம்மா அப்பாவ நிறுத்துன?' என்று கேட்டுவிடுவானோ என்ற பயம்.

"இப்ப ஒங்கள கேக்கறேன். அஞ்சு மணிக்கு அவரு கெளம்பி வந்திருந்தா காப்பாத்தி இருப்பீங்களா?"

இப்படிக் கேட்பவர்களிடம் 'விதி அக்கா, யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது' என்று சொல்லிவிடுவது சுலபம். நானும் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இவரிடம் வாய் வரவில்லை. 'ரத்தம் கிளீன்' என்ற பாதி வாக்கியத்தால் ஒரு தடவை நாசமானவர் அவர்.

"தெரியல அக்கா" என்றேன். "வந்திருந்தா பொழச்சிருக்கலாம். இங்க வந்தும் போன ஆளுங்களயும் நான் பாத்திருக்கேன். உறுதியா என்னால சொல்ல முடியாது. ஆனா தைலம் தேச்சதால அவரு போகல. சோறு ஆக்குனதால போகல. அவரு நெஞ்சுல அடப்பு இருந்துச்சு, அது ஒங்களுக்குத் தெரியாது. அன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கே தெரியல."

"இன்னிக்கு எனக்கு மட்டும் ஒரு மணி நேரத்துல எப்படித் தெரிஞ்சிச்சு?"

"இது புது டெஸ்ட்டு. கொஞ்சம் இருந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

அவர் என்னையே பார்த்தார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டார்.

"இது அன்னிக்கு இருந்திருந்தா?"

சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"அநேகமா ஸ்கூல் விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் அக்கா. தெரிஞ்சிருந்தா அவர எந்திரிக்கவே விட்டிருக்க மாட்டோம். அன்னிக்கு அது எங்ககிட்ட இல்ல."

அஞ்சலை அக்கா தே ஓ பையை மடியில் வைத்தார். பிறகு மெல்லிய குரலில், "அப்ப நான் மட்டும் லேட் பண்ணல" என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். சத்தமாக, காரிடாரில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். பாய் ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அழட்டும் என்று விட்டோம். சவக்கிடங்கு வாசலில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அப்படிச் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. கணவர் பிழைத்திருக்கலாம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அது அவருக்கு ஆறுதலா, இன்னொரு பாரமா? இரண்டுமாகத்தான் இருக்கும்.

எதுவரைக்கும்

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் அவர் கேட்டார்: "இப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றீங்களே, அது எதுவரைக்கும் மிஸ்ஸி?"

இத்தனை வருட வேலையில் வேறு எந்த நோயாளியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பாயையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினேன். அஞ்சலை அக்கா வீட்டில் கேட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"இந்த ரெண்டு நாளா இருக்கற வலி ஹார்ட் அட்டாக் இல்ல. அது உறுதி. நாளைக்கே வேற மாரி வலி வந்தா அது வேற கதை. வேர்த்தா, மூச்சு வாங்குனா, கைக்கு, தாடைக்கு வலி ஏறுனா, அன்னிக்கு ரத்தம் கிளீனா இருந்துச்சேன்னு வீட்ல ஒக்காராதீங்க. வாங்க. பாய், நீங்களும் கேட்டுக்குங்க."

"கேட்டுக்கிட்டேன் மிஸ்ஸி. கடைய மூடிட்டாவது கொண்டாந்திடறேன்" என்றார் பாய்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஆஸ்பத்திரியில் நாம் சொல்வது நாலு வாக்கியம். வீட்டுக்குப் போய்ச் சேருவது ஒன்று. அந்த ஒன்றும் நல்ல செய்தியாக இருப்பதைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். வலியில் இருப்பவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்களோ, சோறு போடப் போவது யாரோ, அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். போனிலாவது சொல்லுங்கள். புது டெஸ்ட் எவ்வளவு சீக்கிரம் பதில் கொடுத்தாலும் இந்த வேலை நம்முடையதுதான், மெஷின் செய்யாது. வலி தொடங்கியவுடன் ஓடி வந்தவருக்கு முதல் ரத்தம் மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லக் கூடாது என்பதும் மாறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குள் அஞ்சலை அக்கா இன்னும் இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை பாயோடு, ஒரு தடவை டாக்ஸியில் தனியாக. இரண்டு தடவையும் இ.சி.ஜி. சரி, ரத்தம் சரி. இரண்டாவது தடவை ஓர் இளம் தாதி கொஞ்சம் சலிப்போடு, "ஒண்ணுமில்லாம சும்மா சும்மா வராங்க அக்கா" என்றாள்.

"வரட்டும்" என்றேன். "கட்டில் இல்லன்னா நாற்காலி போடு."

அஞ்சலை அக்கா ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ரத்தத்துக்கு நேரம் வந்ததும், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.